ஒயரா, புளூடூத்தா? முதல் ஹெட்செட் வாங்கப் போகிறவர்களுக்கு

என் மேஜை இழுப்பறையில் செத்துப்போன ஹெட்செட்கள் ஏழு கிடக்கின்றன. நாலு ஒயர் வைத்தவை, மூன்று புளூடூத். ஒயர் வைத்த நாலும் ஒரே இடத்தில்தான் அடிபட்டன, போனில் செருகும் பின்னும் ஒயரும் சேருகிற கழுத்தில். புளூடூத்தில் இரண்டுக்கு பேட்டரி போயிற்று. மூன்றாவதில் வலது பட் மாம்பலம் ஸ்டேஷனில் ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே விழுந்துவிட, இடது பட் மட்டும் தனியாக வீடு வந்து சேர்ந்தது.

போன மாதம் தங்கை மகன் 1,500 ரூபாயோடு வந்து, "மாமா, ஒயர் வாங்கட்டுமா, புளூடூத் வாங்கட்டுமா?" என்று நின்றான். பதில் சொல்லாமல் இந்த இழுப்பறையைத் திறந்து காட்டினேன். ஆயிரம் ரூபாய்க்குள் வருகிற ஹெட்செட்டே இப்போது ஓரளவு நன்றாகப் பாடிவிடுகிறது. அதனால் எது நன்றாகப் பாடும் என்று நான் அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. எது எப்படிச் சாகும், செத்தால் பிழைக்க வைக்க முடியுமா, அதுவரை நம் அன்றாடத்துக்கு ஒத்து வருமா, இந்த மூன்றைத்தான் பார்க்கிறேன். அவனுக்குச் சொன்னதை அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். நம் ஊரில் காதில் மாட்டும் எதையும் ஹெட்செட் என்றுதானே சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன்.

1. முதலில் போனின் துளையைப் பாருங்கள்

கடைக்குக் கிளம்பும் முன் போனின் அடிப்பக்கத்தையும் மேல்பக்கத்தையும் பாருங்கள். உருண்டையான துளை இருந்தால் அது 3.5 மி.மீ. ஜாக். அந்தக் காலத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள் பலகையில் குத்திக் குத்தி எடுத்த கால் அங்குலப் பின்னின் பேரப்பிள்ளை அது. 1979-இல் சோனியின் வாக்மேன் வந்தபோது ஊரெல்லாம் பரவியது. 2016-இல் ஆப்பிள் ஐபோன் 7-இல் அதை எடுத்துவிட, விலை கூடிய போன்களிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தது. குறைந்த விலை போன்கள் பலவற்றில் இன்னமும் இருக்கிறது. இருந்தால் ஒயர் ஹெட்செட் வாங்க வேறு யோசனையே வேண்டாம்.

துளை இல்லாமல் டைப்-சி மட்டும் இருந்தால் கொஞ்சம் கவனம் தேவை. சாதா ஹெட்செட்டை அதில் மாட்ட ஒரு சிறு கன்வெர்ட்டர் விற்கிறார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் உள்ளே வெறும் ஒயர்தான். போனே ஒலியைத் தயார் செய்து அந்தத் துளை வழியாக அனுப்பினால்தான் அது வேலை செய்யும், பல போன்கள் அனுப்புவதில்லை. இன்னொன்றில் டிஜிட்டலை ஒலியாக மாற்றும் ஒரு குட்டி சில்லு இருக்கும். அதை டேக் என்பார்கள். டேக் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலான போன்களில் பாடிவிடும். ஐபோன் 15 முதல் அங்கேயும் டைப்-சிதான் என்பதால் அதற்கும் இதே கதை. ஒரு தொந்தரவு மட்டும் உண்டு, சார்ஜ் போட்டுக்கொண்டே பாட்டுக் கேட்க முடியாது.

ஒயரில் அடிக்கடி வரும் ஒரு வினோதத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பாட்டு ஓடும், வயலின் கூட்டம் கேட்கும், கோரஸ் கேட்கும், பாடகர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல மங்கி ஒலிக்கும். ஹெட்செட் போய்விட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின் முழுதாக உள்ளே போகவில்லை, அல்லது துளைக்குள் பஞ்சும் தூசியும் அடைத்திருக்கிறது. பின்னில் இருக்கும் பொதுவான எர்த் வளையம் சரியாகத் தொடாவிட்டால், இரண்டு காதுக்கும் சமமாகப் போக வேண்டியது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாடகர் குரலை நட்டநடுவில்தானே வைத்துப் பதிவு செய்கிறார்கள், அதனால் முதலில் அழிவது அதுதான். மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கோளாறு இந்த எர்த் தொடர்பில்தான். பல்குத்தும் மரக்குச்சியால் துளைக்குள் இருக்கும் பஞ்சை மெல்ல எடுத்துவிட்டுப் பின்னை அழுத்திச் செருகுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால், அந்த ஹெட்செட்டின் பின்னில் மைக்கும் எர்த்தும் இடம் மாறிய பழைய முறை இருக்கலாம். அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

2. ஒரு நாளை எழுதிப் பாருங்கள்

ஒரு துண்டுத்தாளில் நேற்று எங்கெங்கே, எவ்வளவு நேரம் காதில் மாட்டியிருந்தீர்கள் என்று எழுதுங்கள். தங்கை மகன் எழுதியது: காலையும் மாலையும் தாம்பரம்–கிண்டி ரயில், மதியம் கேன்டீனில் கொஞ்சம் யூடியூப், சாயங்காலம் அரை மணி நேரம் கீபோர்டு பயிற்சி, ராத்திரி சில நாள் லேப்டாப்பில் ஆன்லைன் வகுப்பு.

இந்தத் தாள்தான் முக்கால்வாசி முடிவைச் சொல்லிவிடும். நின்றுகொண்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பையை முன்னால் மாட்டிக்கொண்டு கேட்கிற நேரம் அதிகமா? புளூடூத். மின்சார ரயில் கூட்டத்தில் இறங்கும்போது பக்கத்து ஆளின் பை ஒயரைப் பிடித்து இழுத்து, போனும் கூடவே பறந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சமையலறை, துணி காயப்போடுவது, நடைப்பயிற்சி எல்லாம் இந்தக் கணக்குதான். மேஜை முன் உட்கார்ந்து கேட்கிற நேரம் அதிகமா? ஒயர். இரண்டும் கலந்திருந்தால் கீழே படியுங்கள்.

3. தாமதம் உங்களைப் பாதிக்குமா?

புளூடூத்தில் பாட்டு அப்படியே காற்றில் போவதில்லை. போன் அதைச் சுருக்கி, பொட்டலம் கட்டி அனுப்புகிறது. ஹெட்செட் பிரித்து, கொஞ்சம் சேமித்து வைத்துக்கொண்டு, பிறகு பாடுகிறது. சாதாரணமாக இதற்குக் கிட்டத்தட்ட 0.2 வினாடி ஆகும். பாட்டுக் கேட்க இது ஒரு பொருட்டே இல்லை. வீடியோவிலும் பிரச்சினை வராது, யூடியூப் மாதிரியான ஆப்கள் படத்தையும் அதே அளவு தாமதமாக்கி உதட்டசைவைப் பொருத்திவிடுகின்றன.

மாட்டிக்கொள்வது இரண்டு இடத்தில். ஒன்று, விளையாட்டு. இன்னொன்று, வாத்தியம். என் புளூடூத்தை போனில் இணைத்து, அதில் ஒரு கீபோர்டு ஆப் திறந்து தங்கை மகன் கையில் கொடுத்தேன். ச ரி க ம வாசித்தான். 'ரி' அழுத்தும்போதுதான் 'ச' கேட்டது. நாலாவது சுரத்தில் விரல் குழம்பி நிறுத்திவிட்டு, "என்ன மாமா இது, நான் ஒரு பக்கம் போறேன், இது ஒரு பக்கம் போகுது" என்றான். வாத்தியம் பழகுகிறவர், வீடியோ எடிட் செய்கிறவர், தாளம் தட்டுகிற விளையாட்டு ஆடுகிறவர் ஒயர்தான் வாங்க வேண்டும், இதில் மறுபேச்சு இல்லை. 'கேமிங் மோடு' என்று அட்டையில் போட்டிருந்தால் தாமதம் குறையும், ஆனால் ஒயர் அளவுக்கு வராது.

4. மைக்தான் பலரும் ஏமாறுகிற இடம்

புளூடூத் வாங்கியவர்கள் சொல்லும் குறைகளில் பாதி இதுதான்: "பாட்டு சூப்பரா கேட்குது, மீட்டிங்ல மட்டும் தகர டப்பாக்குள்ள பேசுற மாதிரி இருக்கு." ஹெட்செட்டில் கோளாறு ஒன்றும் இல்லை. பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி என்று புளூடூத் இரண்டு வழி வைத்திருக்கிறது. மைக் திறந்த நொடியே பாட்டு வழி மூடிக்கொண்டு பேச்சு வழிக்கு மாறிவிடும். அதில் இரண்டு காதுக்கும் ஒரே ஒலிதான், ஸ்டீரியோ கிடையாது. சி.டி.யில் வினாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து வைத்திருப்பார்கள், இந்தப் பேச்சு வழியில் 8,000 முறையோ 16,000 முறையோதான். பழைய தரைவழி டெலிபோன் மாதிரிக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

லேப்டாப்பில் இதற்கு ஒரு எளிய வழி உண்டு. மீட்டிங் ஆப்பின் ஆடியோ செட்டிங்கில் ஸ்பீக்கராக ஹெட்செட்டையும், மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். மைக்குக்காக ஹெட்செட்டைத் தொடாததால் அது பாட்டு வழியிலேயே நிற்கும், எதிர்முனைக்காரர் குரல் தெளிவாக வரும். தினம் மூன்று நாலு மணி நேரம் மீட்டிங்கில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது மைக் வைத்த ஒயர் ஹெட்செட்தான். அதன் மைக் நேராக வாய்க்கு அருகில் தொங்கும். ஒயரே இல்லாமல் காதுக்கு ஒன்றாகச் செருகும் பட்ஸின் மைக் காதோரத்தில் உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகிற ஆட்டோவையும் சேர்த்து அனுப்பும்.

பழைய மேஜைக் கம்ப்யூட்டராக இருந்தால் பச்சை, ரோஸ் என்று தனித்தனித் துளைகள் இருக்கும். போன் ஹெட்செட்டை அதில் மாட்டினால் பாட்டு வரும், மைக் வேலை செய்யாது. இரண்டாகப் பிரியும் ஒரு சின்ன ஒயர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பம். அட்டையில் ஈ.என்.சி. என்று போட்டிருந்தால், நாம் பேசும்போது எதிர்முனைக்காரருக்கு இரைச்சல் குறையும் என்று பொருள். நம் காதில் விழுகிற இரைச்சலைக் குறைப்பது ஏ.என்.சி. ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஈ.என்.சி.யைப் பார்த்து ரயில் சத்தம் கேட்காது என்று நம்பி வாங்கியவர்களை எனக்கே தெரியும். ஏ.என்.சி.யும் எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிடாது. பஸ் என்ஜின், ஏ.சி., மின்விசிறி மாதிரி ஒரே சீராக உறுமும் தாழ்ந்த சத்தத்தை நன்றாக அடக்கும். ஹாரன், பக்கத்து சீட்டுச் சண்டை, சுண்டல்காரர் குரல் எல்லாம் உள்ளே வரத்தான் செய்யும்.

5. ஒலித் தரம்: கவலை இவ்வளவு போதும்

"புளூடூத்ல குவாலிட்டி போயிடும்" என்பது பாதி உண்மை. சி.டி.யில் வினாடிக்கு 1,411 கிலோபிட் ஒலித் தகவல் ஓடுகிறது. எல்லா புளூடூத் ஹெட்செட்டிலும் கட்டாயம் இருக்கும் எஸ்.பி.சி. என்ற சுருக்கும் முறை அதிகபட்சமாகப் பொதுவாக 328 அனுப்பும். ஐபோனில் ஏ.ஏ.சி.யும் உண்டு. ஆண்ட்ராய்டில் ஆப்ட்எக்ஸ், எல்.டி.ஏ.சி. என்று வேறு சில. இதில் சோனியின் எல்.டி.ஏ.சி. 990 வரை போகும். போன், ஹெட்செட் இரண்டிலும் அந்த முறை இருந்தால்தான் பலன் கிடைக்கும், எல்.டி.ஏ.சி. ஹெட்செட்டை ஐபோனில் இணைத்தால் அது ஏ.ஏ.சி.யில்தான் பாடும்.

ஆனால் நாம் கேட்பது சி.டி.யா? பாட்டு ஆப்களும் யூடியூபும் பெரும்பாலும் ஏற்கெனவே நன்றாகச் சுருக்கித்தான் அனுப்புகின்றன. அந்த ஒலியை, ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, ஒயருக்கும் புளூடூத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடித்துவிடுவேன் என்று யாராவது சொன்னால் நான் பந்தயம் கட்டத் தயார். அமைதியான அறையில், நல்ல ஹெட்செட்டில், நல்ல பதிவில் வித்தியாசம் தெரியும். காசுக் கணக்குதான் இங்கே முக்கியம். ஆயிரம் ரூபாய் ஒயர் ஹெட்செட்டில் அந்தக் காசு ஸ்பீக்கருக்கும் ஒயருக்கும் போகிறது. ஆயிரம் ரூபாய் புளூடூத்தில் அதே காசை பேட்டரியும் சில்லும் சார்ஜ் ஏற்றும் கேஸும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதனால் குறைந்த பட்ஜெட்டில் ஒலி மட்டும் போதும் என்றால் ஒயர் பக்கம்தான் நான் சாய்வேன்.

அட்டையில் உள்ள மற்ற எண்களில் 'புளூடூத் 5.3' ஒலித் தரத்தைச் சொல்வதில்லை. உள்ளிருக்கும் ஸ்பீக்கர் எத்தனை மி.மீ. என்பதும் அப்படித்தான். ஒயர் ஹெட்செட்டில் மின்தடையைச் சொல்லும் ஓம் என்ற எண் 16 முதல் 32 வரை இருந்தால் போனுக்குப் போதும். 250, 300 என்றிருந்தால் அது ஸ்டூடியோ சரக்கு, போனில் மாட்டினால் முனகும்.

6. புளூடூத் என்றால் எந்த வடிவம்?

கழுத்தில் தொங்கும் நெக்பேண்ட் பார்க்க அவ்வளவு ஸ்டைலாக இருக்காது. ஆனால் முதல் முறை வாங்குகிறவருக்கு நான் கைகாட்டுவது அதைத்தான். காதிலிருந்து நழுவினாலும் கழுத்தில் நிற்கும், தண்டவாளத்துக்குப் போகாது. பேட்டரிக்கு இடம் அதிகம் என்பதால் ஒரு சார்ஜில் 20 மணி நேரத்துக்கு மேல் ஓடுவது சாதாரணம். பட்ஸ் பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு மணி நேரம், பிறகு கேஸுக்குள் போயாக வேண்டும். அட்டையில் பெரிதாகப் போடும் '40 மணி நேரம்' கேஸையும் சேர்த்த கணக்கு.

பட்ஸின் பேட்டரி மிளகாய் விதை மாதிரி, 30 முதல் 60 மில்லி ஆம்பியர்-மணி அளவில்தான் இருக்கும். லித்தியம் பேட்டரி ஏதானாலும் சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கினால் பலம் குறையத் தொடங்கும். தினம் பயன்படுத்தினால் இரண்டு மூன்று வருடத்தில் ஐந்து மணி நேரம் ஓடியது இரண்டரைக்கு வந்துவிடும். பசை போட்டு ஒட்டியிருப்பதால் திறந்து மாற்றவும் வழியில்லை. என் இழுப்பறையில் இருக்கும் இரண்டும் அப்படிப் போனவைதான். ஒன்றை அதன் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோனேன். பேட்டரி மாற்ற மாட்டோம், வேண்டுமானால் புதிது வாங்கும்போது கொஞ்சம் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். ஆக, பட்ஸ் வாங்கும்போது விலையை முப்பது மாதத்தால், அதாவது இரண்டரை வருடத்தால், வகுத்துப் பாருங்கள். அந்த மாத வாடகை கட்டுப்படியாகுமா என்று தெரிந்துவிடும்.

தலைக்கு மேல் போகும் பெரிய ஹெட்போன் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் சுகம். சென்னை மே மாதத்தில் காது மடல் வெந்துவிடும், வெளியில் போட நினைக்காதீர்கள். வாங்கினால் 3.5 மி.மீ. துளையும் உள்ள புளூடூத் ஹெட்போனாகப் பாருங்கள். சார்ஜ் தீர்ந்தாலும் பலவற்றில் ஒயரைச் செருகிக் கேட்கலாம், நாளைக்கு பேட்டரி செத்தாலும் ஒயர் ஹெட்போனாக வாழ்க்கையை ஓட்டும்.

வியர்வைக்கு ஐ.பி.எக்ஸ்.4 குறைந்தபட்சம். எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்று அதற்குப் பொருள், மழையில் குளிக்கலாம் என்றல்ல. கேஸுக்கு இந்தப் பாதுகாப்பு இருப்பது அரிது, ஈரமான பட்ஸை அப்படியே கேஸில் வைத்து மூடாதீர்கள்.

7. கடையில் கேட்டுப் பார்ப்பது

சென்னைக்காரர்களுக்கு எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு இருக்கிறது, மற்ற ஊர்களில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மொபைல் கடை. எங்கே போனாலும் உங்கள் போனை, உங்களுக்கு மனப்பாடமான பாட்டோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் தன் போனில் போட்டுக் காட்டுவது தும் தும் என்று அதிரும் ஒரு பாட்டாகத்தான் இருக்கும். எல்லா ஹெட்செட்டும் அதில் ஜம்மென்று கேட்கும்.

நான் மிருதங்கத் தனி ஒன்றைத்தான் போட்டுப் பார்ப்பேன். மலிவு ஹெட்செட்டில் பாஸை ஊதி வைத்திருப்பார்கள். இடது பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற தாழ்ந்த நாதம் ஒரு மூட்டையாக உருண்டு, வலது பக்கமான வலந்தலையின் சொற்களை விழுங்கிவிடும். இரண்டும் தனித்தனியாகக் கேட்டால் பாஸ் சரி. அப்புறம் ஒரு பெண் குரல். 'ஸ', 'ஷ' வரும் இடங்களில் ஊசி குத்துவதுபோலச் சீறினால் அது அரை மணி நேரத்தில் தலைவலி தரும். கடைசியாக நாகஸ்வரம். அதையும் முகம் சுளிக்காமல் கேட்க முடிந்தால் வாங்கிவிடலாம்.

ஒலி சப்பென்று, பாஸே இல்லாமல் கேட்டால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். காதுக்குள் போகிற சிலிக்கான் பட் உங்கள் காதுத் துவாரத்தை அடைக்கவில்லை என்றாலும் அப்படித்தான் இருக்கும். விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் பாஸ் வந்தால், பெட்டியில் உள்ள பெரிய சைஸை மாட்டச் சொல்லுங்கள். இரண்டு காதுக்கும் ஒரே சைஸ் பொருந்தும் என்ற கட்டாயமும் இல்லை. பொருத்தமான பட் இருந்தால் வெளி இரைச்சலும் நன்றாகக் குறையும், பாதி பேருக்கு ஏ.என்.சி.யே தேவைப்படாது.

ஒயர் வாங்கினால் முடிந்தவரை காதுப் பக்கத்தில் ஒயரைக் கழற்றி மாட்டும் ரகமாக வாங்குங்கள். ஆயிரத்துக்குள்ளேயே கிடைக்கிறது. ஒயர் போனால் ஒயரை மட்டும் மாற்றலாம். பின் நேராக இல்லாமல் எல் வடிவில் வளைந்திருந்தால் பாக்கெட்டில் மடங்காது. பில்லை வாங்கிப் போட்டோ எடுத்து வையுங்கள், வாரண்டி அட்டையில் கடை முத்திரை இருக்கட்டும்.

8. புளூடூத்தை முதல் நாள் இணைப்பது

முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். பட்ஸ் என்றால் சார்ஜ் ஏறும் முனையில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கை உரித்த பிறகு ஏற்றுங்கள். அதை உரிக்காமல் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை என்று கடைக்குத் திரும்பியவர்கள் பல பேர். போனில் புளூடூத்தைப் போட்டு, ஹெட்செட் பட்டனை விளக்கு சிமிட்டும் வரை அழுத்திப் பிடித்தால் பட்டியலில் பெயர் வரும், தொடுங்கள். சில நாள் கழித்து இணைய மறுத்தாலோ ஒரு பக்கம் மட்டும் பாடினாலோ, போனில் அந்தப் பெயரை நீக்கிவிட்டு, கையேட்டில் சொன்னபடி ரீசெட் செய்து, புதிதாக இணையுங்கள். பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பாட்டு விட்டு விட்டுக் கேட்டால் போன் எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது என்று பாருங்கள். புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே தெருவில்தான் இருக்கின்றன. அதனால் புளூடூத் 79 சிறு அலைவரிசைகளுக்குள் வினாடிக்கு 1,600 முறை தாவித் தாவி ஓடுகிறது. ஆனால் நம் உடம்பில் உள்ள தண்ணீரை அதனால் எளிதாகத் தாண்ட முடிவதில்லை. பின்பாக்கெட்டில் இருக்கும் போனை முன்பக்கம் மாற்றினாலே பாதி நேரம் சரியாகிவிடும்.

9. சத்தமும் தண்டவாளமும்

புளூடூத் அலை மூளையைக் கெடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி ஒயருக்கு மாற வேண்டாம். காதில் வைத்துப் பேசும் போன் அனுப்புவதோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது. காதைக் கெடுப்பது வால்யூம். இதில் ஒயருக்கும் புளூடூத்துக்கும் பேதமே இல்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வகுத்த கணக்குப்படி, பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10, 89 என்றால் வாரத்துக்கே 5 மணி நேரம்தான். ரயில் இரைச்சலை மீறிக் கேட்க வால்யூமை ஏற்றுகிறவர்கள் இந்தக் கணக்கை ஓரிரு நாளிலேயே தாண்டிவிடுகிறார்கள். வால்யூம் அளவுகோலில் 60 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. அதற்கு மேல் தேவைப்பட்டால் வால்யூமை விட்டுவிட்டு சிலிக்கான் பட் சைஸை மாற்றுங்கள்.

அப்புறம் தண்டவாளம். மின்சார ரயில் அதிகச் சத்தமில்லாமல் வந்து நிற்கும் வண்டி. காதில் பாட்டோடு லைனைக் கடந்து உயிரை விட்டவர்கள் சென்னைப் புறநகர் வழித்தடத்தில் ஒருவர் இருவர் இல்லை. தண்டவாளத்தைக் கடப்பதே 1989-ஆம் வருட ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவில் குற்றம், ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. தங்கை மகனிடம் நான் கண்டிப்பாகச் சொன்னது இது ஒன்றைத்தான்: நடைமேம்பாலப் படிக்கட்டு ஏறும்போது கழற்று, மறுபக்கம் இறங்கி மாட்டிக்கொள்.

10. அவன் வாங்கியதும், பராமரிப்பும்

ஏ.என்.சி. இல்லாத ஒரு நெக்பேண்ட், ஏறத்தாழ 900 ரூபாய். மீதியில் கழற்றி மாட்டும் ஒயர் வைத்த, காதுக்குள் செருகும் ஒரு இன்-இயர் ஹெட்செட். நெக்பேண்ட் ரயிலுக்கு, ஒயர் கீபோர்டுக்கும் வகுப்புக்கும். ஒயர் ஒன்றைப் பையில் போட்டு வைக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போனில் எஃப்.எம். ரேடியோ இருந்தால் ஒயர்தான் அதற்கு ஆன்டெனா, புளூடூத்தால் அந்த வேலை ஆகாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நெட்வொர்க் படுத்துவிட்ட தெருக்களில் இருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பட்ஸில் ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் முக்கால்வாசி காதழுக்குதான். ஒலி வரும் வலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, உலர்ந்த பழைய டூத்பிரஷால் தட்டித் தட்டித் தேய்க்க வேண்டும். மேல்நோக்கிப் பிடித்தால் அழுக்கு உள்ளே போய்விடும். சிலிக்கானை வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் கழுவி முழுதாகக் காயவிடுங்கள். மாதக் கணக்கில் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள்.

ஒயரை போனைச் சுற்றி இறுக்கிக் கட்டுவதுதான் அதைக் கொல்லும் முதல் வழி. ஆள்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையே எட்டு வடிவில் தளர்வாகச் சுற்றிக் கழற்றிப் பையில் போடுங்கள். போனிலிருந்து எடுக்கும்போது பின்னைப் பிடித்து இழுங்கள், ஒயரை இழுக்காதீர்கள். ஒயரைப் பின்னுக்கு அருகே இப்படியும் அப்படியும் மடக்கினால் ஒரு காது வந்து வந்து போகிறதா? உள்ளே அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்படி அறுந்தால் பின்னின் கழுத்துக்கு ஓர் அங்குலம் மேலே வெட்டிவிட்டு, புதிய பின் வாங்கி, ஈயம் வைக்கத் தெரிந்த ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் கொடுங்கள். சின்ன வேலைதான். நீங்களே செய்வதானால், உள்ளே உள்ள மெல்லிய இழைகள் மேல் நிற வார்னிஷ் பூசியிருக்கும். அதைத் தீக்குச்சியால் ஒரு நொடி சுட்டு, நகத்தால் சுரண்டிய பிறகுதான் ஈயம் பிடிக்கும். பெரும்பாலும் சிவப்பு இழை வலது, பச்சையோ நீலமோ இடது, செம்பு நிறம் எர்த். மைக்குக்கு இன்னொரு இழை இருக்கும். அதன் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் வெட்டிய பழைய பின்னைப் பிளந்து எது எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதை எழுதுகிற சாக்கில் இழுப்பறையில் இருந்த நாலு ஒயரையும் எடுத்து உட்கார்ந்தேன். இரண்டு பாடத் தொடங்கிவிட்டன. மூன்றாவதில் இடது வலது மாறிவிட்டது, திரும்ப ஈயத்தைச் சூடாக்க வேண்டும். நாலாவதுக்குப் புதிய பின் வாங்கக் கடைக்குப் போக வேண்டும்.